படகு வீட்டில் ஏறுவதற்கு முன்



பெருநாள் முடிந்த மறுநாள், தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு பனியன் கம்பெனிகள் லீவு விடும் வாரம், மே மாதப் பள்ளி விடுமுறை. இந்த மூன்று சமயங்களில் அவிநாசி, சேவூர், பெருமாநல்லூர் பக்கமிருந்து டெம்போ டிராவலர்கள் மேற்கே கிளம்பிவிடுகின்றன. முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்று இருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு கேட்கும் பெயர் ஆலப்புழை. நம் ஊரைத் தொட்டுச் செல்லும் சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் ஏறினால் பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் வழியாக ஒரே ஓட்டத்தில் போய்விடலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வீட்டை எடுத்தால் செலவும் கட்டுப்படியாகிறது. அடுப்படி வேலை இல்லாமல் பெண்களுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது. போகக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாம் கிணறும் குட்டையும் வறண்ட பூமியில் வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட நாம் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓர் இரவு முழுவதும் தண்ணீரின் மேல் தங்கப் போகிறோம் என்றால், தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

முதலில், அந்தப் படகு என்ன என்று பார்ப்போம். அதன் பழைய பெயர் கெட்டுவள்ளம். கெட்டு என்றால் கட்டு. வள்ளம் என்றால் படகு. (நம் கொங்குப் பக்கம் வள்ளம் என்றால் தானியம் அளக்கும் அளவை. மலையாளத்தில் அதே சொல் தண்ணீரில் மிதக்கிறது.) ஆணி அடிக்காமல், அயனிப் பலாப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கித் தைத்து, முந்திரிக் கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெயைப் பூசிக் கட்டுவார்கள். குட்டநாட்டு நெல்லையும் மலைச் சரக்குகளையும் கொச்சித் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற சரக்குப் படகுகள் இவை. பாலங்களும் லாரிகளும் வந்த பிறகு வேலை இழந்து கரையில் கிடந்தவற்றின் மேல், 1990களின் தொடக்கத்தில் மூங்கிலாலும் பாயாலும் கூரை போட்டு அறைகள் கட்டினார்கள். அதுதான் இன்றைய படகு வீடு. இன்று ஓடுபவற்றில் பல, சுற்றுலாவுக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டவை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது குட்டநாட்டில் சிக்கிய மக்களைக் கரை சேர்க்க இந்தப் படகு வீடுகளும் உதவின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சரக்குப் படகில் கனமெல்லாம் அடியில் இருந்தது. நெல் மூட்டைகள் படகின் வயிற்றில் கிடந்தன. மேலே துடுப்புக்காரர்கள் மட்டும்தான். படகு வீட்டில் அறை, ஏசி, தண்ணீர்த் தொட்டி, மாடி, மாடியில் நாற்காலிகள் என்று கனம் மேலே ஏறிவிட்டது. நன்றாகக் கட்டியவர்கள் அடிப்பகுதியை அகலமாக்கி இதைச் சரிக்கட்டுகிறார்கள். அப்படிச் செய்யாமல், பழைய மீன்பிடிப் படகின் மேல் மாடி கட்டி அதைச் சுற்றுலாப் படகு என்று விடுபவர்களும் இருக்கிறார்கள்.

தானூரும் தேக்கடியும்

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. மலப்புறம் மாவட்டம் தானூரில், தூவல் தீரம் கடற்கரையை ஒட்டிய பூரப்புழை முகத்துவாரத்தில், இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஓர் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 15 பேர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். அது மீன்பிடிப் படகாக இருந்து மாற்றப்பட்டது. ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். படகு விட அனுமதிக்கப்பட்ட நேரமும் கடந்திருந்தது. விடுமுறை நாளின் கடைசிச் சவாரி என்பதால், 'இன்னும் நாலு பேர் ஏறிக்கொள்ளட்டும்' என்பதற்கு யாரும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கரையில் நின்று 'போகலாம் வாப்பா' என்று கையைப் பிடித்து இழுத்தால் நாமும் ஏறியிருப்போம். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

அதற்கு முன், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் பெரியாறு அணை நீர்த்தேக்கத்தில் 'ஜலகன்யகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அரசு நிறுவனத்தின் படகு அது. வாங்கி அதிக நாளும் ஆகவில்லை. ஆகவே 'புதுப் படகுதானே', 'கவர்ன்மென்ட் படகுதானே' என்பதெல்லாம் போதுமான பதில் அல்ல. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்றுதான் அன்றைய செய்திகள் கூறின.

தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் உல்லாசப் பயணம் போன 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தனர். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதராவில், ஹர்ணி ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். அங்கும் கூட்டம் அதிகம், பல பிள்ளைகளின் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை.

இவை எவற்றிலும் புயலோ சூறாவளியோ காரணமாகச் சொல்லப்படவில்லை. ஓர் எவர்சில்வர் குண்டாவை வாளித் தண்ணீரில் மிதக்க விட்டுப் பாருங்கள். அடியில் ஒரு கல்லை வைத்தால் அசைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும். அதே கல்லை விளிம்பில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கம் தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் அதே பக்கத்துக்கு ஓடி இன்னும் சாய்க்கும். அதன் பிறகு அரை நிமிடம்கூட ஆகாது. படகின் மாடியில் இருபது பேர் ஒரே பக்கக் கம்பியில் சாய்ந்து செல்ஃபி எடுப்பது, விளிம்பில் கல்லை வைக்கும் வேலைதான். குழந்தைகளும் கனம்தான். 'குழந்தைகளைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்' என்று படகுக்காரர் சொன்னால், அது கட்டணத்துக்கு மட்டும்தான் பொருந்தும், தண்ணீருக்குப் பொருந்தாது.

அட்வான்ஸ் அனுப்பும் முன்

பெரும்பாலும் நாம் போனில் பேசி, போட்டோவைப் பார்த்து, அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறோம். ஏசி உண்டா, ஹலால் கோழியா, கரிமீன் பொரித்துத் தருவார்களா என்று நான்கு கேள்விகள் கேட்கிறோம். ஐந்தாவதாக ஒன்று கேளுங்கள்: படகின் பதிவு எண் என்ன? எத்தனை பேருக்கு அனுமதி? உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் படகுகளுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவை வேண்டும். இதற்கென 1917ஆம் ஆண்டிலிருந்து இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் நாடு முழுமைக்கும் புதிய உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் வந்தது. கேரளத்தில் பதிவைக் கவனிப்பது அம்மாநிலக் கடல்சார் வாரியம். ஒழுங்காக நடத்துபவர் தாள்களைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பிவிடுவார். 'அதெல்லாம் இருக்கு சார், நீங்க வாங்க' என்று மழுப்பினால் வேறு படகைப் பாருங்கள். ஆலப்புழையில் படகுக்குப் பஞ்சமே இல்லை.

துறைக்குப் போனதும் சாமான்களை ஏற்றும் முன் ஒருவர் மட்டும் உள்ளே போய் ஒரு சுற்று பார்த்துவரட்டும். பதிவு எண் படகின் மேல் எழுதப்பட்டிருக்கிறதா? லைஃப் ஜாக்கெட்டுகள் ஆள் எண்ணிக்கைக்கு இருக்கின்றனவா, அவற்றில் குழந்தை அளவு எத்தனை? பல படகுகளில் ஜாக்கெட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்துக் கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கயிறு கட்டிய மிதவை வளையம், தீயணைப்பு சிலிண்டர் ஆகியவற்றையும் பாருங்கள். மாடிக் கம்பியின் இடைவெளியில் மூன்று வயதுப் பிள்ளை நுழைந்துவிடுமா என்று பாருங்கள். நுழையும் என்றால் அந்தப் பிள்ளைக்கு மாடி கிடையாது என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் படகோட்டியிடம் 'ஏதாவது ஆனால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலோர் நல்லவர்கள், அழகாக விளக்குவார்கள். மது அருந்திய வாடை வந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வேம்பநாட்டு ஏரி இந்தியாவிலேயே நீளமான ஏரி. காற்று கிளம்பினால் அகலமான பகுதிகளில் அலை எழும். எச்சரிக்கை அறிவிப்பு உள்ள நாளில் படகோட்டி 'ஏரிக்குள் போக வேண்டாம், கால்வாயோடு திரும்பிவிடலாம்' என்று சொன்னால் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

ஜாக்கெட்டும் நம் உடையும்

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் தொங்கவிடுவது அணிவது ஆகாது. எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பட்டையை இழுத்து இறுக்க வேண்டும். மாட்டிய பின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் அது பெரிய அளவு, அல்லது இறுக்கவில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே வரும் பட்டை உள்ள ஜாக்கெட்தான் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை கீழே நழுவ, ஜாக்கெட் மட்டும் மிதக்கும். காற்றடைத்த பொம்மை வளையங்களும் கைப்பட்டைகளும் விளையாட்டுச் சாமான்களே.

நம் பெண்களுக்கு ஒரு குறிப்பு. புர்காவோ சேலையோ, ஜாக்கெட்டை உடைக்கு மேலேதான் அணிய வேண்டும். உள்ளே போட்டு மறைத்தால் துணி நனைந்து சுற்றிக்கொள்ளும். கொக்கியைப் பிடித்துத் தூக்க வருபவருக்கும் பிடி கிடைக்காது. நீளமான துப்பட்டாவைச் சுருக்கி ஊசி குத்திக்கொள்ளுங்கள். நனைந்த துணி மூக்கையும் வாயையும் ஒட்டி அடைத்துவிடும் என்பதால், ஆபத்து என்று தெரிந்த நொடியே முகத்திரையை விலக்கிவிட வேண்டும். உயிரைக் காக்கும் நிலையில் இதில் மார்க்கத்தில் எந்தக் குற்றமும் இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களே பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது. அந்த நேரத்தில் தயங்கிக்கொண்டிருக்க முடியாது. புர்காவின் கீழ் விளிம்பு காலைத் தடுக்காமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். துறையிலிருந்து படகுக்கு ஏறும் ஒற்றைப் பலகையில் வழுக்கி விழுவது அடிக்கடி நடக்கக்கூடிய விபத்து. பாட்டிமார் இரு கையாலும் பிடித்து ஏறட்டும். பையை வேறு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவில்

மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் படகு வீடுகள் மாலை ஐந்தரை வாக்கில் கரையில் கட்டப்படும். காலையில்தான் மறுபடி நகரும். 'இன்னும் ஒரு ரவுண்டு போங்க அண்ணா, தனியா கவனிச்சுக்கறோம்' என்று பணம் நீட்டாதீர்கள். தானூரில் நடந்தது இருட்டிய பிறகுதான்.

படகு கட்டிய பின் எல்லாம் பத்திரம் என்று நினைத்துவிடுவோம். நம் கவனம் குறையும் நேரம் அதுதான். இரவில் ஏசி ஓடுவது பெரும்பாலும் ஜெனரேட்டரில். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போனால் இரத்தத்தில் ஆக்சிஜன் சேரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அமெரிக்காவில் லேக் பவல் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு படகு வீட்டின் பின்புறம் விளையாடிக்கொண்டிருந்த சகோதரச் சிறுவர் இருவர் இந்த வாயுவால் மயங்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் ஜெனரேட்டர் புகையைப் படகின் மேல்தளத்துக்கும் மேலே உயரமாக விடும் முறை அங்கே ஆராயப்பட்டது. ஆகவே ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். பக்கத்துப் படகின் புகைக்குழாய் நம் ஜன்னலை நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒன்றாகத் தலைவலி வந்தால் உடனே எல்லோரையும் எழுப்பி வெளியே காற்றில் கொண்டுவாருங்கள். பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடக் கூடாது.

நெருப்பும் அப்படித்தான். மூங்கில், பாய், மரம், சமையல் சிலிண்டர், டீசல் எல்லாம் ஒரே இடத்தில். 2023 நவம்பரில் காஷ்மீரின் தால் ஏரியில் கட்டியிருந்த படகு வீடுகளில் தீப்பிடித்து, வங்கதேசத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் மூவர் இறந்தார்கள். கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். அறைக் கதவின் தாழ்ப்பாளை இருட்டிலும் திறக்கத் தெரிகிறதா என்று ஒவ்வொருவரும் ஒருமுறை திறந்து பாருங்கள். இரவில் கழிவறைக்கு எழும் பிள்ளை வழிதவறி முன்புறத் திண்ணைக்குப் போகாமலிருக்க, அந்தக் கதவுக்குக் குறுக்கே பெரியவர் ஒருவர் படுத்துக்கொள்வது நல்ல பழைய வழக்கம்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். மஃரிப் வேளை, படகு கரையில் கட்டிய பிறகு வருவதால் சிரமம் இல்லை. கீழ்த்தளக் கூடத்தில் வரிசை நில்லுங்கள். முப்பது பேர் மாடியில் ஒரே பக்கம் நிற்க வேண்டாம். ஒளு செய்ய விளிம்பில் குனிந்து ஏரித் தண்ணீரை அள்ள வேண்டாம். உள்ளே குழாய் இருக்கிறது. படகு ஓடும்போது நின்றால் விழுந்துவிடுவோம் என்ற நிலை இருந்தால் உட்கார்ந்து தொழச் சலுகை உண்டு. விவரத்தை நம் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. குட்டநாட்டுக்காரர்கள் அந்தத் தண்ணீரில்தான் பாத்திரம் துலக்குகிறார்கள், குளிக்கிறார்கள். படகுகளின் கழிவு அதில் கலப்பது அங்கே நெடுநாள் பிரச்சினை. சிப்ஸ் கவரும் டயப்பரும் ஏரிக்குள் போனால் அதைக் காண்பது அவர்கள்தான். அடுத்தவன் கழிவு நம் ஆற்றில் வந்தால் எப்படி இருக்கும் என்று நொய்யல் கரைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பும் வழி

இரண்டு நாள் தூங்காமல் கொண்டாடிவிட்டு, காலையில் ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்று இரவோடு இரவாகத் திரும்புகிறோம். 2020 பிப்ரவரி 20 அதிகாலையில், நம் அவிநாசி அருகே இதே சாலையில், எர்ணாகுளம் நோக்கிப் போன கேரள அரசுப் பேருந்தின் மீது கண்டெய்னர் லாரி மோதி 19 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. டிரைவருக்குப் படகில் ஒரு படுக்கை கொடுங்கள்; அவர் வண்டியிலேயே கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தால் திரும்பும்போது அவர் கண் நமக்காக விழித்திருக்காது.

ஊரிலும் இப்போது தண்ணீர்

ஆலப்புழைக்கே போகாதவர்களும் இதைப் படிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் தொடங்கப்பட்டது. பவானியின் உபரி நீரால் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கான திட்டம் அது. அறுபது ஆண்டுக்கும் மேலாக நம் பெரியவர்கள் கேட்டுப் போராடிய தண்ணீர். ஆனால் கிரிக்கெட் ஆடிய குட்டையில் இப்போது தண்ணீர் நிற்கிறது. அடியில் எங்கே மண் எடுத்த குழி என்று வெளியே தெரியாது. வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்பதே தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்த மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், மூச்சுக்கே நேரமிருக்காது, குரல் எழாது. சத்தமில்லாமல் போய்விடும். அதனால்தான் பிள்ளைகள் தண்ணீருக்கு அருகில் இருக்கும்போது பெரியவர் ஒருவர், போனைப் பையில் வைத்துவிட்டு, அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவர் மூழ்கும்போது நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிப்பதால் ஒரு ஜனாஸா இரண்டாகிறது. கரையில் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள். கயிறு, முறுக்கிய சேலை, காலி பிளாஸ்டிக் குடம், எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள். நீச்சல் தெரிந்தவரும் மிதக்கும் பொருள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

கரைக்குக் கொண்டுவந்ததும் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். அதில் நேரம் போகிறது. வயிற்றில் உள்ளது மூச்சுக்குழலுக்கும் ஏறிவிடும். சமதரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒருவர் 108க்கு அழைக்க, மற்றவர் மூச்சு வருகிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லை என்றால் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மார்பு உயரும் அளவுக்கு ஊதுங்கள். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்றுதான். பிறகு மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து வேகமாகவும் அழுத்தமாகவும் 30 முறை அமுக்கி, இரண்டு முறை ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூச்சு திரும்பிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத் துணியை மாற்றிப் போர்த்துங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரும்.